புதுப்பிப்பு: பகிர்ந்து வாழும் வீடுகள், கவுன்சில் புகாருக்குப் பிறகு

இங்கிலாந்தில் ஒரே வாடகை வீட்டைப் பலர் பகிரும்போது கவுன்சிலிடம் (உள்ளாட்சி மன்றத்திடம்) புகார் செய்வது பற்றிய முந்தைய இழையின் தொடர்ச்சி இது.

"அறை ரொம்பச் சின்னது" என்று மட்டும் எழுதினால் காரியம் நகராது. டேப் பிடித்து அளந்து, சதுர மீட்டரில் எழுதுங்கள். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 5 பேரோ அதற்கு மேலோ சமையலறை, கழிப்பறையைப் பகிர்ந்தால், அந்த வீட்டை வாடகைக்கு விட கவுன்சிலின் உரிமம் கட்டாயம். அந்த வீடுகளில் படுக்கையறை 10 வயது தாண்டிய ஒருவருக்கு 6.51, இருவருக்கு 10.22 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். கூரை 1.5 மீட்டருக்குத் தாழ்ந்த பகுதி கணக்கில் சேராது. சரிவுக்கூரை மாடி அறைகளில் வீட்டுக்காரர் கணக்கு உதைப்பது இங்கேதான்.

ஈரம், பூஞ்சைக்கு வழி வேறு. 2004 வீட்டுவசதிச் சட்டப்படி அதிகாரி வந்து அபாயத்தை மதிப்பிடுவார். முதல் வகை (கடுமையான அபாயம்) என்றால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். இரண்டாம் வகை (அதைவிடக் குறைந்த அபாயம்) என்றால் நடவடிக்கை அவர்கள் இஷ்டம். அதனால் சுவரைத் துடைக்கும் முன் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனாலும் 28 நாளுக்குள் வேலையைத் தொடங்கச் சொல்ல முடியாது. 21 நாளுக்குள் வீட்டுக்காரர் அந்த நோட்டீஸை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். முதல் வகை அபாயத்தால் உடனடி ஆபத்து இருந்தால், "அவசரச் சீரமைப்பு" என்றே கேளுங்கள்: கவுன்சிலே ஆளனுப்பிச் சரிசெய்து, செலவை வீட்டுக்காரரிடம் வசூலிக்கலாம்.