ஆக்டிவ் செட்டப்: குரல் வலப்பக்க மூலையிலேயே நிற்கிறது

வெள்ளவத்தை_அக்ஸியோ:
வணக்கம். என்னுடையது டொயோட்டா அக்ஸியோ கார். கதவில் 6.5 இஞ்சி மிட்பாஸ் (நடு, கீழ் ஒலிக்கு), முன் கண்ணாடியோரப் பில்லரில் ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கு), டிக்கியில் 10 இஞ்சி சப் (அடி பேஸுக்கு). ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய பாசிவ் குறோஸோவரைக் கழற்றிவிட்டு, அதை டிஜிட்டலாகச் செய்யும் டிஎஸ்பியும் ஐந்து செனல் அம்ப்ளிஃபயரும் (அம்ப்) போட்டாயிற்று. இப்போது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனிச் செனல், அதாவது ஆக்டிவ். பூட்டித் தந்த கடையில் ஈகியூவை (ஈக்குவலைசர்) மட்டும் ஏற்றி இறக்கி அனுப்பிவிட்டார்கள். சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் பாடுபவரின் குரல் வலப்பக்கக் கண்ணாடி மூலையில் நிற்கிறது, பேஸ் பின்னுக்குத் தனியாக இடிக்கிறது. ஈகியூவில் எதைத் தொட வேண்டும்?

கொட்டாஞ்சேனை_சவுண்ட்:
தம்பி, ஈகியூவை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு இருப்பது நேரப் பிரச்சினை. ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் வலது ட்வீட்டர் காதுக்குக் கிட்ட, இடது கதவு தூர. கிட்ட இருப்பதன் சத்தம் முந்தி வந்துவிடும், காதும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

ஓட்டும்போது இருக்கிற மாதிரியே இருந்துகொண்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் நடுவிலிருந்தும் உங்கள் தலைவரை டேப்பால் அளந்து எழுதுங்கள். கொழும்பு வெக்கையில் ஒலி ஒரு மில்லி செக்கனில் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் போகும். சப் 190 சென்ரிமீற்றர், வலது ட்வீட்டர் 80 என்று வையுங்கள். வித்தியாசம் 110, ஆகவே ட்வீட்டருக்கு 3.14 மில்லி செக்கன் தாமதம். இடது கதவு 140 என்றால் 1.43. ஆகத் தூரத்தில் இருப்பதற்குப் பூச்சியம். சப்புக்கு மட்டும் டேப் கணக்கு முழுதாகப் பொருந்தாது. ஃபில்டரும் பெட்டியும் அதை இன்னும் பிந்த வைக்கும், அதனால் மற்றவற்றுக்குத் தாமதத்தைக் கொஞ்சம் கூட்டிக் காதால் கேட்டுப் பாருங்கள்.

குறோஸோவர்: சப் 80 ஹேர்ட்ஸ் வரை, கதவு 80 முதல் 3000 வரை, ட்வீட்டர் அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் லிங்க்விட்ஸ்-ரைலி வகை ஃபில்டர், எல்லைக்கு வெளியே ஒக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவு. அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் ஒலிக்கவிட்டு பிங்க் நொய்ஸ் (சோதனைக்கான இரைச்சல்) போட்டு, ட்வீட்டரின் போலாரிட்டியை (பிளஸ்-மைனஸை) டிஎஸ்பியில் திருப்புங்கள். 3000 பக்கம் சத்தம் குழி விழுந்தால் திருப்புவதற்கு முந்தைய நிலைதான் சரி. திருப்பியதும் சத்தம் நிறைவாக வந்தால் வயர் மாறியிருக்கிறது அல்லது தாமதம் பிழை.

நான் கடைசியில் பார்ப்பது தவில். கூடு போட்ட விரலின் படபடப்பு ட்வீட்டர் பக்கம், கோலடி கதவுப் பக்கம். இரண்டும் டாஷ்போர்டின் மேல் ஒரே தவிலிலிருந்து வர வேண்டும். கோலடி மட்டும் காலடியில் கிடந்தால் திரும்ப அளவெடுக்க வேண்டியதுதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தெஹிவளை_12வோல்ட்:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆக்டிவ்வில் ட்வீட்டருக்கு முன்னால் எதுவும் இல்லை. டிஎஸ்பி ஒருக்கா ரீசெட் ஆனால் முழு பேஸும் நேரே போய் எரித்துவிடும். பேஸை மறிக்க 4 ஓம் ட்வீட்டருக்கு 47 மைக்ரோஃபெரட் கபாசிட்டர் தொடராகப் போடுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் பட்டரிக்கு அருகில் போடும் ஃபியூஸையும் வாங்கி வந்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் ஏர்த் பிடித்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பூட்டிய பிறகு கிறீஸ் பூசுங்கள். உப்புக் காற்று அந்த இடத்தைத்தான் முதலில் தின்னும்.

வெள்ளவத்தை_அக்ஸியோ:
நன்றி. கபாசிட்டர் இல்லை, நாளைக்கே போடுவேன். காலி வீதி இரைச்சலில் எப்படி டியூன் செய்வது? மரைன் டிரைவில் நிறுத்தலாமா?

கொட்டாஞ்சேனை_சவுண்ட்:
வேண்டாம் தம்பி, அலை இரைச்சலும் ரயிலும் பேஸை மூடிவிடும். ஃப்ளாட்டின் கீழ் பார்க்கிங்கில் இரவில் செய்யுங்கள். ஏசி ஃபேனை நிறுத்துங்கள், எஞ்சினும் ஓஃப், பட்டரிக்கு சார்ஜர். தாமதம் சரியான பிறகு மைக்கைத் தலை இருக்கும் இடத்தில் வைத்து, இடதையும் வலதையும் தனித்தனியாக அளவெடுங்கள். அப்போதுதான் ஈகியூ. அளவுக் கோட்டில் மேட்டைக் குறையுங்கள், பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். அது அம்ப்பின் பலத்தைத்தான் தின்னும், பள்ளம் அப்படியே இருக்கும்.