இணை நிறுவனம் துணை நிறுவனமாகும்போது நற்பெயரைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி:
ஒரு நிறுவனத்தில் 30 விழுக்காடு பங்குகளை வைத்திருந்த எங்கள் தாய் நிறுவனம், அதைப் பங்குரிமை முறையில் (அந்த நிறுவனத்தின் இலாப நட்டத்தில் நம் பங்கை முதலீட்டின் ஏட்டு மதிப்பில் கூட்டிக் கழிக்கும் முறை) கணக்கில் காட்டி வந்தது. இப்போது மேலும் 50 விழுக்காட்டை 700க்கு வாங்கிக் கட்டுப்பாட்டைப் பெற்றுள்ளது (தொகைகள் அனைத்தும் லட்சத்தில்). பழைய பங்குகளின் ஏட்டு மதிப்பு 270, நியாய மதிப்பு 390. அடையாளம் காணத்தக்க நிகரச் சொத்துகளின் நியாய மதிப்பு 1,000. ஆலோசனைக் கட்டணம் 15. 270, 700, 15 ஆகியவற்றைக் கூட்டி, அதிலிருந்து நிகரச் சொத்தில் எங்கள் 80 விழுக்காடான 800ஐக் கழித்தால் நற்பெயர் (நிகரச் சொத்துகளின் மதிப்புக்கு மேலாகக் கொடுத்த தொகை, goodwill) 185 என்கிறார் உடன் பணியாற்றுபவர். இது சரியா?

பதில் 1:
சரியல்ல. கட்டுப்பாடு கைக்கு வந்த நாளில், பழைய முதலீட்டை விட்டுக்கொடுத்து முழு நிறுவனத்தையும் புதிதாகப் பெற்றதாகவே, வணிக இணைப்புகளுக்கான பன்னாட்டுக் கணக்குத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 3 (IFRS 3) கருதுகிறது. ஆகவே பழைய 30 விழுக்காட்டை 390க்கு மறுமதிப்பிட்டு, வித்தியாசமான 120ஐ இலாப நட்டக் கணக்கில் ஆதாயமாகக் காட்ட வேண்டும் (பத்தி 42). அந்த முதலீடு தொடர்பாகப் பிற விரிவான வருமானத்தில் (இலாப நட்டக் கணக்குக்கு வெளியே காட்டப்படும் ஆதாய நட்டங்கள்) ஏதேனும் தேங்கியிருந்தால், பங்குகளை நேரடியாக விற்றிருந்தால் அதை எப்படி நடத்தியிருப்போமோ அப்படியே நடத்த வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். கட்டணம் 15 செலவாகும், நற்பெயரில் சேராது.

பதில் 2:
மேலே சொன்ன 390, புதிதாகக் கொடுத்த 700 ஆகியவற்றோடு, வெளியாரிடம் எஞ்சியுள்ள 20 விழுக்காட்டையும் கூட்டிய பிறகே முழு 1,000ஐக் கழிக்க வேண்டும். அந்த 20 விழுக்காட்டை அளக்க இரு வழிகள் உண்டு. எதைக் கொள்வது என்பதை ஒவ்வொரு கையகப்படுத்தலுக்கும் தனித்தனியே முடிவு செய்யலாம். நிகரச் சொத்தில் விகிதப் பங்காக 200 என்று கொண்டால் நற்பெயர் 290. அதன் நியாய மதிப்பு 240 என்று வைத்துக்கொண்டால் 330. கூடுதலான 40 வெளியாருக்குரிய நற்பெயர். முதல் வழியின் எளிமையை மட்டும் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்பதில்லை. ஏனெனில், 80 விழுக்காட்டுக்குரிய 290ஐ, மதிப்பு குறைந்துள்ளதா என்று பார்க்கும் மதிப்பிழப்புச் சோதனையின்போது ஒவ்வோர் ஆண்டும் முழு 100 விழுக்காட்டுக்கான 362.5 ஆக உயர்த்தித்தான் மீட்கத்தக்க தொகையோடு (பயன்பாட்டாலோ விற்பனையாலோ திரும்பப் பெறக்கூடிய தொகை) ஒப்பிட வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தெளிவாகிவிட்டது. அடுத்த ஆண்டு இன்னும் 10 விழுக்காட்டை வாங்கினால் நற்பெயர் மீண்டும் மாறுமா?

பதில் 1 எழுதியவர்:
மாறாது. கட்டுப்பாடு ஏற்கெனவே உங்களிடம் இருப்பதால், குழும நிதி அறிக்கைகளுக்கான தரமான ஐஎஃப்ஆர்எஸ் 10இன்படி அது உரிமையாளர்களுக்கு இடையிலான உரிமை மூலதனப் (equity) பரிவர்த்தனை மட்டுமே. வெளியார் உரிமையின் ஏட்டுத் தொகை அன்று 260 ஆக வளர்ந்திருந்தால், அதில் பாதியான 130ஐ நீக்குங்கள். நீங்கள் கொடுத்தது 150 என்றால், வித்தியாசமான 20 இலாப நட்டக் கணக்கைத் தொடாமல் தாய் நிறுவன உரிமையாளர்களுக்குரிய உரிமை மூலதனத்தில் நேரடியாகக் கழிக்கப்படும்.