கடற்காற்றில் ஹாட் டப்: தாங்கும் சட்டகம் எதில்?

கேள்வி: திருவான்மியூரில், கடலுக்கு அருகில் வீடு. அப்பாவின் முழங்கால் வலிக்காக மொட்டைமாடியில் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) வைக்க எண்ணம். தொட்டியைத் தாங்கும் சட்டகம் மரமா, துத்தநாகம் பூசிய இரும்பா, ஃபைபரா? சூடு வெளியேறாமல் இருக்க அடிப்பகுதி முழுவதும் இறுகும் நுரை (ஃபோம்) நிரப்பச் சொல்கிறார் கடைக்காரர். தேவையா?

பதில்: இரும்பு வேண்டாம் ஐயா. கேட் செய்து பிழைக்கிறவன் சொல்கிறேன். துத்தநாகப் பூச்சு நல்லதுதான். ஆனால் பற்றவைக்கும் இடத்தில் அது எரிந்துபோகும், அறுத்த முனை வெறுமையாக நிற்கும். உப்புக்காற்று அங்கேதான் வேலையைத் தொடங்கும். உங்கள் தெரு ஜன்னல் கம்பிகளைத் தடவிப் பாருங்கள், தெரியும். மரத்துக்குக் கரையான் இருக்கிறது. ஃபைபருக்கு இரண்டு கவலையும் இல்லை, விலைதான் வலிக்கும்.

பதில்: முழு நுரை பனி கொட்டும் ஊர்களுக்கு. குழாய் கசிந்தால் அதை வெட்டி வெட்டித்தான் தேட வேண்டும். சென்னைக்குப் பக்கச்சுவரில் பாலியூரித்தேன் நுரை போதும். வெப்பம் பெரும்பாலும் நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகத்தான் போகிறது. இறுக்கமான மூடிக்குச் செலவழியுங்கள்.

பதில்: 1,000 லிட்டர் நீர் என்றால் ஒரு டன் எடை. ஆட்களின் எடை வேறு. முதலில் கட்டடப் பொறியாளரிடம் மாடியைக் காட்டுங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடாக்கவும் வேண்டாம்; அப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டா?