சதாபிஷேகத்துக்குப் பரண் கேசட்

சுதா: தாத்தா சதாபிஷேகத்துக்கு இன்னும் 18 நாள். பரண்லேர்ந்து கேசட் பெட்டிய இறக்கியாச்சு. பெரிய விஎச்எஸ் கேசட் 2, வீடியோ கேமராவுல போடுற குட்டி மினிடிவி கேசட் 5. தாத்தாவுக்கு டிவிடி பிளேயர் ரிமோட்தான் பழக்கம், அதனால டிஸ்க்காவே வேணும்.

விஜி அத்தை: என் கல்யாண கேசட் இருக்கா?

சுதா: கவர்ல பென்சில்ல 'விஜி'னு ஒண்ணு இருக்கு அத்தை. விசிஆர்ல போட்டுப் பார்க்கிறேன்

கண்ணன் சித்தப்பா: போடாதே சுதா! முதல்ல வெளிச்சத்துல பிடிச்சு, கேசட் ஜன்னல் வழியா சுருளோட ஓரத்தைப் பாரு. வெள்ளையா மாவு மாதிரி இருந்தா பூஞ்சை. மெட்ராஸ் ஈரக்காத்துக்கு அது சகஜம். அதை ஓட்டினா டேப்பைப் படிக்கிற விசிஆர் ஹெட்ல ஒட்டிக்கும், அடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் தொத்தும்.

சுதா: விஜி அத்தை கேசட்லதான் வெள்ளை இருக்கு

விஜி அத்தை: 1996லேர்ந்து கேக்கிறேன். அண்ணா வீட்டுப் பரண்லயே கிடந்தா இப்படித்தான்.

பெரியப்பா: யாரும் ஒளிச்சு வைக்கலை விஜி.

பெரியப்பா: சாப்பாடு எத்தனை பேர்? சமையல்காரர் கேக்கிறார்.

கண்ணன் சித்தப்பா: அதைத் தனிக் கவர்ல கட்டி வை. மத்ததை எல்லாம் கடைசி வரைக்கும் ஒரு தடவை ஃபார்வர்ட், அப்புறம் ரீவைண்ட். வருஷக்கணக்கா அசையாத டேப் ஒட்டிக்கிட்டிருக்கும், இழுவை சீராகும். அதுக்கு முன்னாடி விஎச்எஸ் முதுகுல இருக்கிற பிளாஸ்டிக் பல்லை உடைச்சிடு. மினிடிவில குட்டி ஸ்விட்சை 'சேவ்' பக்கம் தள்ளு. கை தவறி ரெக்கார்ட் அழுத்தினாலும் அழியாது.

கௌதம்: கேசட் படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற யூஎஸ்பி கேப்சர் டாங்கிள் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்குது. போதும்ல?

கண்ணன் சித்தப்பா: விஎச்எஸ்ஸுக்குப் போதும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர். நம்ம ஊர் டிவி முறை 'பால்' (PAL), அதுக்கு செட் பண்ணு, படம் 720 × 576 புள்ளி. மினிடிவிக்கு வேண்டாம். அது ஏற்கெனவே டிஜிட்டல், ஃபயர்வயர்ங்கிற ஒயர்ல எடுத்தா டேப்ல இருக்கிறது குறையாம வரும். கேமரா பக்கம் 4 பின், கம்ப்யூட்டர் கார்டு பக்கம் பெரும்பாலும் 6 பின். ஒயரை மாட்டிட்டு அப்புறம் கேமராவை ஆன் பண்ணு. 6 பின்னைத் திருப்பிச் சொருகினா போர்ட் போயிடும். 1 மணி நேர டேப் ஓடி முடிய 1 மணி நேரம் ஆகும், 13 ஜிபி பிடிக்கும். 5 கேசட்டுக்கு 65.

மாலா சித்தி: புடவை கலர் முடிவாச்சா?

கௌதம்: எடுத்தப்புறம் எம்பி4 ஆக்கி டிஸ்க்ல காப்பி?

கண்ணன் சித்தப்பா: அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. தாத்தாவோட பழைய பிளேயர் எம்பி4 படிக்காது. டிவிடி பிளேயர் படிக்கிற எம்பெக்-2 வடிவமா ஆக்கி, 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) ஃபோல்டரா எழுதணும். டிவிடி ஸ்டைலர்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசம், மெனுவோட சேர்த்து அதுவே பண்ணிடும். 4.7 ஜிபி டிஸ்க்ல 1 மணி நேரம்னா தெளிவா இருக்கும், 2 மணி வரைக்கும் பரவாயில்லை. அதுக்கு மேல திணிச்சா ஆள் நகரும்போது கட்டம் கட்டமா உடையும். ஒரு தடவை மட்டும் எழுதுற டிவிடி-ஆர் வாங்கு, எழுதுற வேகம் 8எக்ஸுக்கு மேல வேண்டாம், கடைசியில டிஸ்க்கை மூடுற ஃபைனலைஸ் மறக்காதே. பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டினா சுத்தும்போது ஆடும். மார்க்கர்ல எழுது.

சுதா: ஃபோட்டோ ஆல்பம் 4 இருக்கு

கண்ணன் சித்தப்பா: 600 டிபிஐல, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில, ஸ்கேன் பண்ணு. டிவில ஓடுற ஸ்லைடுஷோ 720 × 576க்குச் சுருங்கிடும். அதனால அசல் படங்களை அதே டிஸ்க்ல தனி ஃபோல்டர்ல போடு. பிளேயர் அதைத் தொடாது, கம்ப்யூட்டர்ல திறக்கும்.

ரகு சியாட்டில்: எங்ககிட்டயும் 1 மினிடிவி இருக்கு சித்தப்பா. கூரியர்ல அனுப்பவா?

கண்ணன் சித்தப்பா: வேண்டாம்பா. அது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி, நம்ம கேமரால சரியா ஓடாது. அங்கயே எடுத்து ஃபைலா அனுப்பு, தனி டிஸ்க் போடலாம். ரெண்டையும் ஒரே டிஸ்க்ல கலக்கக் கூடாது.

பெரியப்பா: 120 பேர்னு சொல்லிடவா?

விஜி அத்தை: என் கேசட்?

கண்ணன் சித்தப்பா: அதுக்கு அவசரப்படக் கூடாதும்மா. டேப்பை நல்லா காய விட்டு, பழக்கமானவர் பஞ்சு பிரியாத துணியால துடைக்கணும். அவசரமா ஓட்டி அறுந்துட்டா போச்சு. விழாவுக்கு வராம போகலாம்.

விஜி அத்தை: அவர் பேசினது அதுல மட்டும்தான் இருக்கு கண்ணா.

மாலா சித்தி: முரளி அண்ணா 🙏

பெரியப்பா: நானே எடுத்துட்டுப் போறேன் விஜி. எங்கே குடுக்கணும்னு கண்ணன் சொல்லட்டும்.

சுதா: ஃபயர்வயர் கார்டு யார்கிட்ட இருக்கு?

கௌதம்: ஞாயித்துக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டுப் பார்க்கிறேன்

கண்ணன் சித்தப்பா: ஞாயிறு நிறைய கடை மூடியிருக்கும். சனிக்கிழமை போ.

கௌதம்: சனிக்கிழமை ஆபீஸ் இருக்கு சித்தப்பா. பார்க்கிறேன்

மாலா சித்தி: மாம்பழ மஞ்சள் ஓகேவா?