டப்பெட் சத்தம் நின்றது, காரின் இழுவையும் போனது

கொக்குவில் மிட்ஜெற்:
பெரியப்பாவின் எம்ஜி மிட்ஜெற் இப்போது என் கையில். 1970ஆம் ஆண்டுக் கார், 1275 சிசி எஞ்சின். போன மாதம் வரை டப்பெட், அதாவது வால்வை அமுக்குகிற ரொக்கர் கை, தட்டிக்கொண்டே இருந்தது. தையல் மெசின் வருகிறது என்று ஒழுங்கைப் பொடியன்கள் பகிடி பண்ணுவார்கள். ஒரு கராஜில் விட்டேன். ஒரு மணித்தியாலத்தில் சத்தமே இல்லாமல் செய்து தந்தார்கள். சந்தோசத்தில் ஏ9 வீதியால் கிளிநொச்சி வரை ஓடினேன். திரும்பி வரும்போது ஆனையிறவு தாண்டியதும் இழுவை குறைந்துவிட்டது. இப்போது காலையில் ஒழுங்காக ஸ்ராட் ஆகிறது. சூடேறினால் ஐடிலில் நிற்காது, சைலன்சரில் விட்டு விட்டுப் புஸ் புஸ் என்கிறது. காபரேற்றர் இரண்டையும் கழுவியாயிற்று, பிளக்கும் புதிது. டப்பெட் இடைவெளியை நானே பார்க்கலாமா? அதை அளக்கிற தகடு, பீலர் கேஜ், வாங்கிவிட்டேன், பிடிக்கத்தான் தெரியாது.

ஸ்காபுறோக்காரன்:
என்னிடம் ஹொண்டா எஸ்2000 நிற்கிறது. அதற்குக் குளிர்ந்த எஞ்சினில் இடைவெளி, உள்ளே எடுக்கிற இன்லெற் வால்வுக்கு 0.21 முதல் 0.25, புகை வெளியே விடுகிற எக்ஸோஸ்ட் வால்வுக்கு 0.25 முதல் 0.29 மில்லிமீற்றர். எக்ஸோஸ்ட் பக்கம் எப்போதும் கொஞ்சம் கூட விட வேண்டும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

பழைய ஸ்பானர்:
ஸ்காபுறோத் தம்பி, உங்கள் அளவு உங்கள் காருக்குச் சரி, இதற்குப் பொருந்தாது. மிட்ஜெற் பெயரில்தான் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் எங்கள் மொரிஸ் மைனரின் உறவு, ஒரே ஏ சீரிஸ் குடும்பம். இன்லெற், எக்ஸோஸ்ட் இரண்டுக்கும் 12 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.30 மில்லிமீற்றர், குளிரில்.

கொக்குவில் தம்பி, சத்தம் போனதுதான் காருக்கு வந்த வருத்தம். இந்த எஞ்சின் கொஞ்சம் தட்ட வேண்டும். இடைவெளியை 12இலிருந்து 6க்கு இறுக்கினால் சத்தம் நிற்கும், யாராலும் செய்யலாம். ஆனால் சூடேறி எக்ஸோஸ்ட் வால்வ் நீளும்போது அது சீற்றில், அதாவது வால்வ் மூடும்போது உட்காரும் வளையத்தில், முழுதாக உட்காராது. வால்வ் தன் சூட்டைச் சீற்றுக்குக் கொடுத்துத்தான் தப்புகிறது. உட்காராவிட்டால் விளிம்பு கருகும். தட்டுகிற டப்பெட்டால் காதுக்கு மட்டும்தான் கரைச்சல்.

இன்னொன்று. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. அந்த ஈயம்தான் சீற்றைத் தேயாமல் காத்தது. பழைய ஹெட்டில் கடினமான சீற் போடாவிட்டால் ஓட ஓட வால்வ் சீற்றுக்குள் இறங்கும். இறங்கினால் வால்வின் தண்டு மேலே வரும், இடைவெளி தானாகவே குறையும். தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் தெரியுமோ? சின்னப் போத்தலில் இருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் காலத்திலும் சத்தம் குறைந்த கார் வந்தால் எங்கள் மாமா முதலில் ரொக்கர் கவரைத்தான், வால்வ்களுக்கு மேலே உள்ள மூடியைத்தான், கழற்றச் சொல்லுவார்.

நீங்களே செய்யலாம். இரவு முழுக்க நின்ற எஞ்சினில், விடியச் செய்யுங்கள். எங்கள் வெயிலில் பத்து மணிக்குப் பொனற்றைத் தொட்டாலே சுடும், அதற்குப் பெயர் குளிர் இல்லை. நாலு பிளக்கையும் கழற்றி, நாலாம் கியரில் போட்டு, காரை மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். முன்னாலிருந்து வால்வை ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். ஒன்பது கணக்கு: எட்டாவது முழுதாக அமுங்கி நிற்கும்போது ஒன்றைச் செற் பண்ணுங்கள், ஆறு அமுங்கினால் மூன்று, நாலு அமுங்கினால் ஐந்து. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

கேஜ் ஈர விரலிடுக்கால் நூல் இழுபடுகிற மாதிரி வர வேண்டும். ரொக்கரில் உள்ள லொக் நட்டை இறுக்கும்போது இடைவெளியை மாற்றுகிற திருகாணியும் சேர்ந்து சுற்றும், ஸ்குரூ டிரைவரால் அசையாமல் பிடியுங்கள். இறுக்கிய பிறகு திரும்பவும் அளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் விடுவதுதான் பலர் விடுகிற பிழை. ரொக்கரின் நுனியையும் தடவிப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் கேஜ் பள்ளத்துக்கு மேலே பாலம் போல நிற்கும். 12 என்று காட்டும், உள்ளே அதைவிடக் கூட இருக்கும்.

முதலில் ஒரு வேலை. எஞ்சின் ஐடிலில் நிற்கிற நேரம் சைலன்சர் வாயில் பத்திரிகைத் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். விட்டு விட்டு உள்ளே இழுத்தால் எக்ஸோஸ்ட் வால்வ் ஒன்று சரியாக மூடவில்லை, எழுதுங்கள்.

கொக்குவில் மிட்ஜெற்:
அண்ணை, இழுக்கிறது. புஸ் என்று தள்ளிவிட்டு உடனே ஒரு தடவை ஒட்டிப் பிடிக்கிறது. ஆக்ஸிலேற்றரை மிதித்து வைத்துக்கொண்டுதான் பார்க்க முடிந்தது.

இன்று விடிய ஐந்தரைக்கு அளந்தேன், தம்பி தள்ளினான். ஒன்றாவதும் எட்டாவதும் 7 தௌ. இன்லெற் வால்வ் நான்கும் 8, 9 தௌ அளவில். நாலாவதில் 4 தௌ தகடே போகவில்லை, ஐந்தாவதில் அது இறுக்கமாகப் போனது. எட்டு வால்வையும் 12இல் வைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி திரும்ப அளந்தபோது மூன்று வால்வில் அளவு மாறியிருந்தது, மறுபடி செய்தேன். இப்போது சத்தம் வருகிறது, கேட்கவே ஆறுதல். ஐடிலும் நிற்கிறது. ஆனால் தாளை இன்னும் இடைக்கிடை இழுக்கிறது.

பழைய ஸ்பானர்:
நாலாவதும் ஐந்தாவதும் நடுவில் ஒரே துவாரத்தால் புகை விடுகிற எக்ஸோஸ்ட் சோடி. சூடு அங்கேதான் கூட. நாலாவது கருகியிருக்கும் என்று நினைக்கிறேன். கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் வரும் அமுக்கம், அளந்து அந்த வால்வ் இருக்கிற இரண்டாம் சிலிண்டரின் கணக்கை எழுதுங்கள். குறைவாக இருந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும், கழற்றினால் எக்ஸோஸ்டுக்குக் கடினமான சீற் நாலும் போட்டுவிடுங்கள். அதுவரை கிளிநொச்சிப் பக்கம் போக வேண்டாம்.

ரொக்கர் கவரைப் பழைய கோர்க் கேஸ்கட்டோடு பூட்டாதீர்கள். கவரை இறுக்கிக் கொல்லவும் வேண்டாம். வளைந்தால் பிறகு ஒயில் ஒழுக்கை நிற்பாட்ட ஏலாது.