தமிழில் எழுதியதும் ஆர்எஃப்ஐடி டேக் பூட்டிக்கொண்டது, திறக்க வழி உண்டா?

சோமனூர் தறிப்பையன்:
வணக்கமுங்க. எங்களுடையது கூலிக்கு ஓட்டும் விசைத்தறி, 16 தறி. சைசிங்கிலிருந்து (நூலுக்குக் கஞ்சி போடும் இடம்) வரும் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஒவ்வொன்றுக்கும் எண், நூல் ரகம், மீட்டர் எல்லாவற்றையும் அப்பா நோட்டில்தான் குறிப்பார். போன மாதம் இரண்டு பாவு மாறிப்போய்ப் பெரிய தலைவலி. அதனால் பாவு சுற்றிவரும் உருளையான பீமுக்கு ஒரு ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் தொடாமலே படிக்கும் சிறு சிப்) மாட்டி, விவரத்தை டேக்கிலேயே எழுதிவிடலாம் என்று இறங்கினேன்.

அர்டுவினோ நானோ (புரோகிராம் ஓடும் சிறு போர்டு), டேக்கைப் படிக்க எழுத ஆர்சி522 ரீடர், அதோடு வரும் நீலச் சாவிக்கொத்து டேக் (மைஃபேர் கிளாசிக் 1கே). பிளாக் 1-இல் தொடங்கி 16 பைட் 16 பைட்டாக எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் ஒரு வாரம் அருமையாக ஓடியது. அப்பா படிக்கட்டும் என்று நேற்று தமிழுக்கு மாற்றினேன். எழுதும்போது ஒரு பிழையும் வரவில்லை. திரும்பப் படித்தால் ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு, டைம்அவுட்’ (சாவி ஒத்துவரவில்லை என்ற பிழை). இப்படியே நாலு டேக் போச்சு. தமிழ் எழுதினால் டேக் கெட்டுவிடுமா என்ன?

கோபி வயர்மேன்:
முதலில் கரண்டைப் பாருங்க தம்பி. ஆர்சி522-க்கு 3.3 வோல்ட்தான், 5 கொடுத்திருந்தால் அதுதான் கதை. அந்த போர்டின் பின் (கம்பிக்கால்) வரிசையை நாம்தான் பற்றவைக்க வேண்டும், ஒரு கால் ஒட்டாமல் இருந்தாலும் இப்படித்தான் ஆட்டம் காட்டும்.

சோமனூர் தறிப்பையன்:
3.3 தானுங்கண்ணா. புது டேக் வைத்தால் படிக்கிறது, எழுதுகிறது. கெட்டுப்போன நாலிலும் யூஐடி (டேக்கின் தனி அடையாள எண்) மட்டும் சரியாக வருகிறது.

பீளமேட்டுக்காரன்:
யூஐடி வருகிறது என்றால் வயரிலும் டேக்கிலும் குறை இல்லை. யூஐடியைச் சாவி கேட்காமலே டேக் சொல்லிவிடும். பிளாக்கைத் திறக்கத்தான் சாவி வேண்டும். என்ன வாக்கியம் எழுதினீர்கள் என்று அப்படியே போடுங்கள். பிளாக் 4-ஐ மட்டும் தனியாகப் படித்து, என்ன வருகிறது என்றும் சொல்லுங்கள்.

சோமனூர் தறிப்பையன்:
எழுதியது: பாவு 117 நூல் 40 மீட்டர் 1200
பிளாக் 1, 2, 3 மூன்றுமே திறக்கவில்லை. பிளாக் 4 திறக்கிறதுங்க! அதில் ‘ர் 1200’ என்று வருகிறது.

பீளமேட்டுக்காரன்:
அப்படியானால் மீதி ‘மீட்ட’ எங்கே போனது என்பதுதான் விஷயம். பிளாக் 3-க்குள் போய்விட்டது.

இந்த டேக்கில் 16 செக்டார், செக்டாருக்கு 4 பிளாக். நாலாவது பிளாக் (3, 7, 11 என்று 63 வரை) நம் எழுத்துக்கான இடமே இல்லை. முதல் 6 பைட் சாவி ஏ, அடுத்த 3 பைட் யார் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி, பிறகு ஒரு உதிரி பைட், கடைசி 6 பைட் சாவி பி. உங்கள் புரோகிராமில் வரிசையாக எழுதும் லூப் அதையும் சாதா பிளாக் என்று நினைத்து எழுதிவிட்டது.

ஆங்கிலத்தில் தப்பித்தது எப்படி என்றால், யூடிஎஃப்-8-இல் (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழுக்கு 3. அதுவும் ‘பாவு’ நம் கண்ணுக்கு இரண்டெழுத்து, அதற்கு ப, கால், வ, உகரக்குறி என்று நாலு குறி, 12 பைட். உங்கள் வாக்கியத்தை எண்ணினேன், 59 பைட். முதல் 32 பைட் பிளாக் 1, 2-இல் அடங்கியது. அடுத்த 16 பூட்டின் மேலேயே விழுந்தது.

சாவி மட்டும் மாறியிருந்தால் புதுச்சாவி என்னவென்று நமக்குத் தெரியும், திறந்துவிடலாம். ஆனால் அந்த 3 அனுமதி பைட்டில் ஒவ்வொரு பிட்டும் நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை இருக்க வேண்டும். உங்கள் ‘மீட்ட’-விலிருந்து அங்கே விழுந்தவை 80, ஈ0, ஏஈ (பதினாறடிமான எண்கள், 9-க்கு மேல் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்து). முதல் பைட்டின் பின்பாதி 0, அதன் தலைகீழ் எஃப். அது அடுத்த பைட்டின் முன்பாதியில் இருக்க வேண்டும், அங்கே ஈ நிற்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் சிப் அந்த செக்டாரை ஒரேயடியாகப் பூட்டிவிடும். திறக்க வழி கிடையாது.

பல்லடம் புதுசு:
போனில் ஃபார்மேட் செய்யும் ஆப் இருக்கிறதே, அதில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாதா?

பீளமேட்டுக்காரன்:
முடியாதுங்க. அந்த ஆப்பும் இதே பூட்டைத் திறந்துதான் உள்ளே போக வேண்டும். இன்னொன்று, நல்ல டேக்கிலும் பிளாக் 3-ஐப் படித்து அப்படியே திருப்பி எழுதிவிடாதீர்கள். சாவி ஏ-யை டேக் ஒருபோதும் காட்டாது, படித்தால் சுழியாக வரும். அதை எழுதினால் சாவியே ஆறு சுழி ஆகிவிடும். நான் அப்படி ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

தம்பி, அந்த நாலு டேக்கையும் தூக்கிப் போடாதீர்கள். முதல் செக்டார் மட்டும்தான் போனது, மீதி 15 செக்டார், 720 பைட் நன்றாகவே இருக்கிறது. பிளாக் எண்ணை 4-ஆல் வகுத்து மீதி 3 வந்தால் தாண்டச் சொல்லுங்கள். கெட்ட இந்த நாலு டேக்குக்கும் பிளாக் 4-இல் தொடங்குங்கள்.

சென்னிமலை அக்கா:
டேக்கில் ‘பாவு’, ‘மீட்டர்’ என்று எதற்குத் தம்பி எழுதுகிறீர்கள்? அந்தச் சொல் எல்லா டேக்குக்கும் ஒன்றுதானே, புரோகிராமில் இருக்கட்டும். 117, 40, 1200 மூன்று எண்ணையும் எண்ணாகவே வைத்தால் தலா 2 பைட், மொத்தம் 6. ஒரே பிளாக்கில் முடிந்தது. படிக்கும்போது புரோகிராமே சொல்லைச் சேர்த்து அப்பாவுக்குத் தமிழிலேயே காட்டும்.

புதிதாக வாங்குவதென்றால் என்டேக்213 ஸ்டிக்கர் பாருங்கள். 144 பைட்தான், உங்களுக்கு அது தாராளம். சாவித் தொல்லை இல்லை. 4 பைட் கொண்ட பக்கங்கள், 4 முதல் 39 வரை நம்முடையது. 2, 3-ஐத் தொடாதீர்கள், அங்கேயும் திரும்ப அழிக்க முடியாத பிட்டுகள் உண்டு.

அப்புறம், பீம் இரும்புதானே? வட்டத் தகட்டில் ஒட்டினால் படிக்காது.

சோமனூர் தறிப்பையன்:
அதையும் கேட்கலாம் என்று இருந்தேன் அக்கா! ஒட்டினால் செத்த மாதிரி கிடக்கிறது, கையில் எடுத்தால் படிக்கிறது.

சென்னிமலை அக்கா:
ரீடரின் காந்தப்புலத்தை இரும்பு விழுங்கிவிடும், டேக்குக்குக் கரண்ட் கிடைக்காது. முதுகில் ஃபெரைட் (இரும்பிலிருந்து காந்தப்புலத்தைக் காக்கும் தகடு) ஒட்டிய, உலோகத்தில் ஒட்டும் டேக் என்றே தனியாக விற்கிறது. சாவிக்கொத்து டேக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கையில் பிடித்துக் காட்டினாலும் போதும்.

சோமனூர் தறிப்பையன்:
இன்று காலை பார்த்துவிட்டேன். மூன்று எண் மட்டும், பிளாக் 4-இல். பூட்டிக்கிடந்த நாலும் வேலை செய்கின்றன. கயிற்றில் கட்டி 12 பீமில் மாட்டியாச்சு, பஞ்சு படிந்தாலும் படிக்கிறது. அப்பா இன்னும் நோட்டிலும் எழுதுகிறார், அதை நான் தடுக்கவில்லை. ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா.