நத்தாருக்குக் கைவேலைப் பரிசு: மாரி ஈரத்தில் பழுதாகாதது எது?

பாலையூற்று_மலர்:
எல்லாருக்கும் வணக்கம். நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) அயலிலுள்ள 15 வீடுகளுக்குக் கையால் செய்த ஏதாவது கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அயலில் சைவக்காரர், முஸ்லிம் ஆட்கள், வேதக்காரர் மூன்று பகுதியும் இருப்பதால் எல்லாரும் மனம் கோணாமல் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் கூட நின்று உதவுவார்கள்.

திருகோணமலையில் கார்த்திகை, மார்கழி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. நாலு நாள் வெயிலே இராது. கடதாசி வேலை தொய்ந்து போகும், பலகாரம் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டினது கழன்று விழும். இணையத்தில் காட்டுகிறவை எல்லாம் காய்ந்த ஊருக்குச் செய்தவை போல் இருக்கின்றன. இந்த ஈரத்துக்குத் தாங்கக்கூடிய சாமான் எது? அதோடு வாசலில் தொங்கவிட ஒரு நட்சத்திரக் கூடும் கட்ட ஆசை. கையில் இருப்பவை: வெறும் ஜாம் போத்தல் இருபது மட்டில், பழைய மெழுகுதிரித் துண்டுகள், கொஞ்சம் மூங்கில்.

வேர்க்கொம்பு:
ஜாம் போத்தல் இருக்கிறதென்றால் பாதி வேலை முடிந்தது. மாரியில் இனிப்புப் பலகாரத்தை விடுங்கோ. தேங்காய் சேர்ந்தது நாலு நாளில் சிக்கு வாடை அடிக்கும். சீனிப்பாகு சேர்ந்தது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். உலர்ந்த சரக்குதான் சரி. கொத்தமல்லிக் கோப்பித்தூள் செய்யுங்கோ. தடிமன் காய்ச்சல் காலம், எல்லா வீட்டிலும் உடனே பாவிப்பார்கள். எந்தச் சமயத்தவருக்கும் மறுப்பு இல்லை.

15 போத்தலுக்குக் கணக்கு: கொத்தமல்லி 1¼ கிலோ, வேர்க்கொம்பு (சுக்கு) 150 கிராம், மிளகு 100 கிராம், சின்னச் சீரகம் 100 கிராம். வறுபட்டு ஈரம் போன பிறகு ஏறத்தாழ 1½ கிலோ தூள் வரும். 100 கிராம் தூள் ஒரு சாதாரண ஜாம் போத்தலில் முக்கால்வாசிக்கு நிற்கும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் மல்லி வறுபடும் முன்னே சீரகம் கருகும், கருகின சீரகம் முழுத்தூளையும் கைக்கச் செய்யும். மல்லி வாசம் எழும்பி, விரலால் நசிக்க மொறுமொறுவென்று உடைந்தால் போதும். நிறம் மாறும் வரை காத்திருக்காதேங்கோ. வேர்க்கொம்பில் சிலது சுண்ணாம்பு பூசி வரும். அதைத் துணியால் நன்றாகத் துடைத்து, உரலில் இடித்துச் சிறு துண்டாக்கிய பிறகு வறுக்க வேண்டும். முழுசாகப் போட்டால் உள்ளுக்கு ஈரம் நின்றுவிடும்.

மில்லுக்குக் கொண்டு போனால் முதலில் ஒன்றைக் கேளுங்கோ: சற்று முன் என்ன அரைத்தது? மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மல்லியைப் போட்டால் குடிக்கிற பிள்ளைக்குத் தொண்டை எரியும். அரிசி மா அரைத்த பிறகு போடச் சொல்லிக் கேட்டால் செய்து தருவார்கள்.

அரைத்த தூள் சுடச்சுட இருக்கும். பழுதாவதே இந்த இடத்தில்தான். சூட்டோடு போத்தலில் போட்டு மூடினால் மூடியின் உட்பக்கம் வேர்க்கும், அந்தத் துளி தூளில் விழுந்து கட்டியாகி அங்கிருந்து பூஞ்சணம் தொடங்கும். அகலத் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கோ. ஆறியதும் உடனே அடையுங்கோ. இரவு முழுக்கத் திறந்து வைத்தால் மாரிக்காற்று ஈரத்தைத் திருப்பி ஏற்றிவிடும்.

போத்தல்: வெந்நீரில் ஊறவிட்டு லேபலைச் சுரண்டுங்கோ. மிஞ்சும் பசைக்குத் தேங்காயெண்ணெயும் அப்பச்சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி, கால் மணித்தியாலம் விட்டுத் தேய்த்தால் போகும். பிறகு பச்சைத்தண்ணியில் வைத்து அடுப்பேற்றி 10 நிமிடம் கொதிக்கவிடுங்கோ. கொதிக்கிற தண்ணியில் குளிர்ந்த போத்தலை இறக்கினால் வெடிக்கும். மூடியை மணந்து பாருங்கோ. ஊறுகாய் மணம் பிடித்த மூடி எதைச் செய்தாலும் விடாது, அதைத் தள்ளிவிடுங்கோ. போத்தலும் மூடியும் உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய வேண்டும்.

ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கட்டுங்கோ: "ஒன்றரைக் கோப்பை தண்ணியில் ஒரு தேக்கரண்டி, 5 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, பனங்கட்டியோடு குடிக்கவும். ஈரக் கரண்டி போடக் கூடாது." அட்டை எழுதுகிறது, நூல் கட்டுகிறது பிள்ளைகளின் வேலை.

கூடுகட்டி:
நட்சத்திரக் கூட்டுக்கு வருகிறேன். மூங்கில் சிலாகையின் (சீவிய மெல்லிய பட்டையின்) நீளத்தை அளந்து குறிக்காமல் கட்டத் தொடங்குவதால்தான் கூடு கோணலாகப் போகிறது. 60 சென்ரிமீற்றர் நீளம், ஒரு விரலிலும் குறைந்த அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பில் பத்துச் சிலாகை சீவுங்கோ. ஒவ்வொன்றிலும் இரண்டு நுனியிலிருந்தும் 23 சென்ரிமீற்றரில் பென்சிலால் குறியிடுங்கோ. நடுவில் 14 மிஞ்சும். ஐந்து சிலாகையால் கட்டும் நட்சத்திரத்தில் ஒன்றையொன்று வெட்டும் இடம் அந்தக் குறிகள்தான். வேறு நீளத்தில் கட்டுவதென்றால் நீளத்தை 0.38 ஆல் பெருக்கினால் குறி வரும் இடம் கிடைக்கும்.

கணு அந்தக் குறியில் விழாதபடி மூங்கிலைத் தெரிந்து வெட்டுங்கோ. கணு வளையாது. பிறகு உள்ளே தாங்கிக் கட்டை கொடுத்துத் தள்ளும்போது சரியாக அந்த இடத்தில்தான் முறியும்.

ஐந்தை நிலத்தில் பரப்பி, ஒன்றுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழும் போகும்படி பின்னி, ஐந்து நுனியையும் நூலால் கட்டுங்கோ. நுனியில் சின்னக் காடி வெட்டினால் நூல் வழுக்காது. இதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து நுனிகளை மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு குறியிட்ட ஐந்து சந்தியிலும் 15 சென்ரிமீற்றர் கட்டைகளை முன்னுக்கும் பின்னுக்கும் இடையே நிறுத்திக் கட்டினால் கூடு வயிறு வைத்து நிமிரும். முதல் கட்டையைப் போட்டதும் அதற்கு எதிர்ப்பக்கம் உள்ளதைப் போடுங்கோ. வரிசையாகப் போனால் ஒரு பக்கம் இழுபடும்.

கடதாசி மொத்தம் 22 துண்டு. முன்னுக்கு ஐந்து முக்கோணம், ஒரு ஐங்கோணம். பின்னுக்கும் அப்படியே. விலாப்பக்கத்துக்குப் பத்து முக்கோணம். எல்லாவற்றையும் அளவிலும் 1 சென்ரிமீற்றர் கூட வைத்து வெட்டி, ஓரத்தைச் சிலாகையில் மடித்து ஒட்டுங்கோ. கீழ்ப்பக்க விலாவில் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விடுங்கோ. பல்ப் போட, சூடு வெளியேற அந்த வாசல் வேண்டும்.

பசை: கோதுமை மா 3 மேசைக்கரண்டியைக் கொஞ்சம் பச்சைத்தண்ணியில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற ஒரு கோப்பை தண்ணியில் ஊற்றிக் கிளறி, கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்குங்கோ. பழுதாகாமலிருக்க உப்புப் போடச் சிலர் சொல்வார்கள். மாரியில் போடாதேங்கோ. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பசை கடைசிவரை பிசுபிசுக்கும். பசையைக் கடதாசியில் பூசாமல் சிலாகையில் பூசுங்கோ. டிசு பேப்பர் ஈரத்தில் தொய்ந்தால் பயப்படத் தேவையில்லை, காயும்போது தானாக இறுகும்.

டிசு பேப்பரின் சாயம் மழைச்சாரலில் ஓடும். சிவப்பும் வெள்ளையும் பக்கம் பக்கமாக வந்தால் வெள்ளை கெட்டுப் போகும். விறாந்தைக்கு உள்ளே தொங்கவிட்டால் டிசு போதும். வாசலில் மழை படுமென்றால் செலோபேன் தாள் போடுங்கோ. ஆனால் செலோபேனில் மாப்பசை பிடிக்காது, தண்ணியை உறிஞ்சாத தாள் அது. இரட்டைப் பக்க டேப்தான் பிடிக்கும்.

5 வாட் எல்.ஈ.டி பல்ப் போதும். பழைய 60 வாட் குண்டு பல்ப், மெழுகுதிரி இரண்டும் கூட்டுக்குள் கூடவே கூடாது. ஹோல்டர் மேலேயும் பல்ப் கீழ்நோக்கியும் இருக்கட்டும், தண்ணி ஹோல்டருக்குள் தேங்காது. வயர் இணைப்பை மழை படும் இடத்தில் வைக்காமல், முழு நீள வயராக வீட்டுக்குள் கொண்டு போங்கோ.

பாலையூற்று_மலர்:
வேர்க்கொம்பு, கூடுகட்டி அண்ணை, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. 0.38 கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இன்னும் இரண்டு கேள்வி. மிச்சப் போத்தலில் பழைய மெழுகுதிரியை உருக்கி ஊற்றலாமா? தேங்காயெண்ணெயும் கலந்தால் செலவு குறையுமே? மற்றது, நிலாவெளிக் கரையில் சிப்பி பொறுக்கிப் போத்தலில் ஒட்டலாமா?

கறுவா:
தங்கச்சி, தேங்காயெண்ணெய் கலக்க வேண்டாம். அது 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும். எங்கள் ஊரில் மார்கழிப் பகல்கூட அதைவிடச் சூடு. கலந்த மெழுகு இறுகாமல் களி போல நிற்கும், திரி சாய்ந்துவிடும்.

மெழுகை நேரே அடுப்பில் வைக்காதேங்கோ. தாச்சியில் தண்ணி வைத்து, அதற்குள் பால்மா ரின்னை வைத்து உருக்குங்கோ. நேர் நெருப்பில் புகை வந்தால் அடுத்தது தீப்பிடிப்புத்தான். அப்படிப் பிடித்தால் தண்ணி ஊற்றக் கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். உருக்குவதும் ஊற்றுவதும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் திரியைப் பிடித்துக்கொள்ளக்கூட நிற்க வேண்டாம்.

உருகும்போது பழைய திரிகள் மிதந்து வரும், எடுத்து நேராக்கி வையுங்கோ. அவை மெல்லிய மெழுகுதிரிக்கு அளவானவை. ஜாம் போத்தல் அகலத்துக்கு ஒன்றை மட்டும் போட்டால் நடுவில் குழி தோண்டிக்கொண்டு இறங்கி, சுற்றிவர மெழுகு உருகாமல் நிற்கும், கடைசியில் திரி அதிலேயே மூழ்கி அணையும். மூன்று திரியை முக்கோணமாக இடைவெளி விட்டு நிறுத்துங்கோ. புதுத் திரி வேண்டுமென்றால் தனிப் பருத்தி நூல். தையல் நூலில் பொலியெஸ்டர் கலந்தது எரியாமல் உருகும்.

போத்தலை முதலில் சுடுதண்ணியில் சூடாக்கித் துடைத்துவிட்டு ஊற்றுங்கோ. கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கோ. ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் பள்ளம் விழும். அதற்காகக் கொஞ்சம் மெழுகு மிச்சம் வைத்து, மேல் தோல் கட்டியதும் திரியோரம் ஈர்க்கால் இரண்டு துளை குத்தி மறுபடி ஊற்ற வேண்டும். நிறத்துக்குப் பிள்ளைகளின் கிரேயோன் போடாதேங்கோ, அதிலுள்ள தூள் திரியை அடைக்கும். போத்தலின் வெளியே கறுவாப்பட்டை, காய்ந்த இலை கட்டுவது பார்வைக்கு அழகு, ஆனால் வாய்க்குக் கிட்டக் கட்டினால் சுவாலை பிடிக்கும். அடியில் மட்டும் கட்டுங்கோ.

சிப்பி: கரையில் ஒதுங்கிய வெறும் ஓடு மட்டும். உள்ளே துறவி நண்டு இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் ஈரமணலில் வைத்துப் பாருங்கோ, இருந்தால் நடக்கத் தொடங்கும். முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) எங்கே கிடந்தாலும் தொடாதேங்கோ. நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டுகூடக் கொண்டு வரக் கூடாது.

பொறுக்கியதை நல்ல தண்ணியில் இரண்டு நாள், தண்ணி மாற்றி மாற்றி ஊறப் போடுங்கோ. ஓட்டில் கடலுப்பு நின்றால் மாரியில் அது வேர்க்கும், ஒட்டினது கழன்று விழும். மணம் போகாவிட்டால் பத்துப் பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு பிளீச். வினாகிரி ஓட்டையே அரிக்கும், மினுக்கம் போய்விடும். பிளீச்சும் வினாகிரியும் ஒரே பாத்திரத்தில் சேரவே கூடாது, நச்சுப்புகை வரும். ஒட்டுவதற்கு இரண்டு கூறு கலக்கும் எப்பொக்சி. வெள்ளைப் பசை ஈரத்தில் மறுபடி இளகும். மெழுகு போத்தலில் சிப்பி வேண்டாம், சூட்டில் கண்ணாடி விரிய ஒட்டு விடும். மல்லிப் போத்தல் மூடியில் ஒட்டுங்கோ.

குருத்தோலை:
மூடியில் சிப்பி, கழுத்தில் கட்ட ஓலை நட்சத்திரம் என்று சேர்த்தால் ரிபன் வாங்கும் காசு மிச்சம். தென்னங்குருத்து வேண்டாம். அது சில நாளில் பழுப்பாகிச் சுருங்கி, பின்னல் தளர்ந்துவிடும். உலர்த்திய பனஞ்சார்வு (பனையின் இளம் ஓலை) வாங்குங்கோ. இந்த வெயிலில்லாக் காலத்தில் பச்சை ஓலையை வீட்டில் உலர்த்தப் போனால் கரும்புள்ளி விழும்.

ஈர்க்கை நீக்கி 1 சென்ரிமீற்றர் அகலம், 30 முதல் 35 சென்ரிமீற்றர் நீளத்தில் வாருங்கோ. ஒரு நட்சத்திரத்துக்கு நாலு வார். அகலம் நுனிவரை ஒரேயளவாக இருக்க வேண்டும், அரை மில்லிமீற்றர் பிசகினாலும் கடைசிச் சொருகலில் இறுகிக் கிழியும். சத்தகம் (ஓலை வாரும் சின்னக் கத்தி) இல்லாவிட்டால் அடிமட்டம் வைத்து பிளேடால் கீறலாம். பின்னும் முன் ஈரத்துணியில் கால் மணித்தியாலம் சுற்றி வையுங்கோ. தண்ணியில் அமிழ்த்த வேண்டாம், ஊறி வீங்கி, காய்ந்த பிறகு தொளதொளக்கும்.

நாலையும் நடுவில் மடித்து, ஒவ்வொன்றின் வாலும் அடுத்ததன் மடிப்புக்குள் போகும்படி சதுரமாகப் பூட்டி இறுக்குங்கோ. மேல் வார்களை ஒவ்வொன்றாக மடித்து, நாலாவதை முதலாவதன் கீழ் சொருகினால் பூட்டு விழும். பிறகு ஒவ்வொரு வாரையும் மூலைவிட்டமாக மடித்துச் சொருகிக் கூர் எடுப்பது. நுனியைச் சரிவாக வெட்டிக்கொண்டால் சொருகல் சுலபம். பிள்ளைகள் முதலில் இதே அளவில் கலண்டர் தாளில் பழகட்டும். பழகிய பிறகு எட்டு வயதுக் கைக்கும் ஓலை வரும்.

செய்து முடிந்தவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதேங்கோ, உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் வரும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, பலகைப் பெட்டியில் அலமாரி மேல்தட்டில் வையுங்கோ. கொடுக்கிற அன்று காலை போத்தலில் கட்டினால் போதும்.